வாயில் உப்பு, கையில் குருத்தோலை

கல்லுப்பு நாக்கில் பட்டவுடனே கரிப்பதில்லை. முதலில் அது வெறும் கல்தான்; மேலண்ணத்தில் உரசும், பல்லில் தட்டும், எந்தக் கன்னத்தில் ஒதுக்குவது என்று நாக்கு தடுமாறிக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் எச்சில் ஊறி, அதற்கப்புறம்தான் கரிப்பு தொண்டைவரை இறங்கிக் கண்ணில் நீர் முட்டும். துப்பக் கூடாது. கடித்து விழுங்கவும் கூடாது. வாயை இறுக மூடிக்கொண்டு, கல் தானாகக் கரைந்து முடியும்வரை அடுக்களைக் கதவோரமாக நிற்க வேண்டும். காரைக்காலில் கோயிலுக்குப் பின்தெருவில் நாங்கள் குடியிருந்த வீட்டில், தவக்காலம் வந்துவிட்டால் இது அன்றாடம் நடக்கிற காரியம். ‘உப்பு வாங்குறது’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அதை நினைத்தால் எனக்குப் பக்தி வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்துக்கு ஆளுக்கொன்றை விடுவார்கள். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் சினிமாவை விடுவார், எங்கள் எதிர்வீட்டுக்காரர் குடியை விடுவார். காரைக்காலில் இருந்துகொண்டு அதை விடுவது லேசுப்பட்ட தியாகமில்லை, அந்தப் பாக்கியையெல்லாம் அவர் ஈஸ்டர் அன்றைக்கே தீர்த்துக்கொள்வார் என்பது வேறு விஷயம். என் அம்மாவோ எங்களை வாயை விடச் சொன்னாள். தின்கிற வாயை அல்ல, பேசுகிற வாயை. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்ததும் அடுக்களை மேடையிலிருந்து உப்புச் சாடியை எடுத்துச் சாப்பிடுகிற இடத்துக்கு நடுவில் வைத்துவிடுவாள். அன்றிலிருந்து பொய், கோள், புறணி, சாபம், சலிப்பு எது வாயிலிருந்து வந்தாலும் ஒரு கல். அம்மாவுக்கு அதற்கு ஒரு காரணமும் இருந்தது. “அந்தக் காலத்துல ஞானஸ்நானம் குடுக்குறப்ப கொழந்தை நாக்குல உப்பு வைப்பாங்க. எதுக்கு? இந்த நாக்கு ஆண்டவருக்குக் குடுத்தாச்சு, இனிமே கண்டதயும் பேசாதேன்னுதான். இப்ப அத நிறுத்திட்டாங்க, அதான் ஊரு வாய் இப்படி ஓடுது” என்பாள்.

சட்டம் எல்லாருக்கும் பொது. அப்பா பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தார்; மேலதிகாரியைத் திட்டாமல் அவருக்கு மாலைக் காபி இறங்காது. தவக்காலத்தில் காபியோடு பேச்சை ஆரம்பித்து, பாதியில் அம்மா சாடியைப் பார்ப்பதைப் பார்த்து, தானே ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்துவிடுவார். காபிக்கும் உப்புக்கும் நடுவில் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து நானும் செலின் சித்தியும் சிரிப்போம். அம்மா திரும்பிப் பார்ப்பாள். அடுத்தவர் கஷ்டத்தில் சிரித்ததற்காக எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று.

செலின் சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் சித்தி எங்களோடுதான் இருந்தாள். பாலர் பள்ளியில் டீச்சர். வகுப்பில் வாய் ஓயாமல் கதை சொல்லுகிறவள், வீட்டில் அக்காவுக்கு எதிரே ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டாள். அதனால் எங்கள் நான்கு பேரில் குறைவாக உப்பு வாங்கியவள் அவள்தான். “சித்தியப் பாத்துக் கத்துக்க” என்று அம்மா எனக்குச் சொல்லாத நாள் கிடையாது.

அம்மாவின் உப்பை நான் ஒரேயடியாகக் குறை சொல்லவில்லை, அது நியாயமில்லை. ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு பெண் யாருக்கும் சொல்லாமல் ஒரு முஸ்லிம் பையனைக் கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டாள். ஊர் அந்தத் தாயை உயிரோடு பிய்த்துத் தின்றது. குழாயடியில் பேச்சு, கோயில் வாசலில் பேச்சு, கருக்களாச்சேரியிலிருந்து வருகிற மீன்கார அம்மா கூடையை இறக்குவதற்கு முன்பே “அந்த வீட்டு சேதி என்னாச்சு?” என்பாள். அந்தத் தாய் சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். கீரை இருந்தால் ஆய்வதற்கு அவர் பக்கமும் கொஞ்சம் தள்ளுவாள், அவ்வளவுதான். ஒருநாள் போகும்போது அவர், “இந்த ஒரு வீட்லதான் என்னை யாரும் எதுவும் கேக்கல” என்று சொல்லிவிட்டு அழுதார். நாவைக் காப்பது என்றால் என்ன என்று எனக்குப் பிரசங்கம் எதுவும் கற்றுத்தரவில்லை, அந்தக் கீரைதான் கற்றுத்தந்தது. அலுவலகத்தில் இன்றைக்கும் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசாமல் இருக்கத் தெரிந்திருக்கிறதென்றால் அது அம்மா போட்ட பிச்சை. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். ஒன்றும் தெரியாதவள் தப்புச் செய்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

நான் ஆறாவது படிக்கும்போது சித்திக்கு ஒரு வரன் வந்தது. வயது முப்பதைத் தாண்டியிருந்ததால் வரன் என்று யாராவது வாயைத் திறந்தாலே அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிற காலம் அது. வந்ததோ லேசான இடமில்லை, பிரான்ஸ் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அவர் இறந்துபோயிருந்தார். குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. மாப்பிள்ளைக்குப் பாரிசுக்குப் பக்கத்தில் வேலை, தாயார் மட்டும் காரைக்காலில் பெரிய வீட்டில் தனியாக. அந்தம்மாவே நேரில் வந்து, “எங்களுக்கு ஒண்ணும் வேணாம், அடக்கமான பொண்ணு, அது போதும்” என்றார். எங்கள் ஊரில் பிரான்ஸ் பாஸ்போர்ட் இருக்கிற வீட்டிலிருந்து ஆள் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அம்மா துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தாள். ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று பேசி முடிந்தது.

தவக்காலத்தின் நடுவில் ஒரு மத்தியானம் அந்துவான் மாமா வந்தார். அவர் அப்பாவின் பள்ளிக்கூடச் சிநேகிதர், அவரும் பிரான்சில் இருந்து ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு ஒருமுறை குளிருக்குப் பயந்து ஊருக்கு வந்து வெயிலுக்குப் பயந்து திரும்பிப் போவார். சித்தி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் கூடத்து மூலையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் கையில் கலர் பென்சில் இருந்தால் காது கேட்காது என்று பெரியவர்கள் ஏன் நினைக்கிறார்களோ தெரியவில்லை. மாமா அப்பாவைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’ என்றுதான் கூப்பிடுவார், சுற்றி வளைக்காமல் சொன்னார்: “முசே, இத சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பையன் அங்க ஒரு பொண்ணோட குடும்பம் நடத்துறான். ரெண்டு புள்ளைங்க இருக்கு. மேரியில பதிஞ்சுமிருக்கான். கோயில்ல கட்டல, அதனால இங்க கோயில் காகிதம் சுத்தமா வந்துரும். அவங்கம்மாவுக்கும் தெரியும். அவங்களுக்கு வேண்டியது மருமக இல்ல, வயசான காலத்துல கூட இருக்க ஒரு ஆளு.” மேரி என்றால் அங்கே நகராட்சி அலுவலகம், கல்யாணம் அங்கே பதிந்தால்தான் சட்டப்படி கல்யாணம். காரைக்காலிலும் பழைய ஆட்கள் நகராட்சியை அப்படித்தான் சொல்வார்கள், அதனால் எனக்கே அது புரிந்தது.

அப்பா ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். நம்பாத முகமில்லை அது. “நீங்க கண்ணால பாத்தீங்களாண்ணே?” என்று கேட்டாள். “அவன் இருக்கிற ஊர்லதாம்மா என் மச்சான் இருக்கான். அவன் பாத்திருக்கான்” என்றார் மாமா. “அப்ப நீங்க பாக்கல. தவக்காலத்துல ஒருத்தர் பேரக் கெடுக்கிற பேச்சு இந்த வீட்ல வேணாம். சாப்பிட்டுப் போங்க” என்றாள் அம்மா. மாமா சாப்பிடாமலே போய்விட்டார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து சாடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பேசாத பேச்சுக்கு உப்பு வாங்கிய ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் அதை எல்லார் முன்னாலும் அறிவிப்பார். இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னார், இவர்கள் கல்யாணத்துக்கு ‘விக்கினம்’ ஏதும் உண்டென்று தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லியாக வேண்டும் என்று வாசித்துவிட்டு, கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். சொல்லலாம் என்றல்ல, சொல்லியாக வேண்டும் என்று. எனக்கு விக்கினம் என்ற சொல் புரியவில்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சித்ராவைக் கேட்டேன். “விக்கினம்னா தடங்கல்டி. அதுக்கு எங்க புள்ளையார்கிட்டல்ல சொல்லணும், ஒங்க சாமியார்கிட்ட சொல்லி என்னா பண்றது?” என்றாள். இத்தனை வருடம் கழித்து யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி என்று படுகிறது. பிள்ளையாரிடமாவது போய்ச் சொல்லியிருக்கலாம்.

மறைக்கல்வி நடத்தின சிஸ்டரிடமும் கேட்டேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்றேன். சிஸ்டர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, “அது பாவம்மா. புறணி பேசுறது எவ்வளவு பாவமோ, அவ்வளவு பாவம், சொல்ல வேண்டியதச் சொல்லாம இருக்கிறது” என்றார். எனக்குத் தலை சுற்றியது. பேசினால் உப்பு, பேசாவிட்டால் பாவம் என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வது?

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறன்று மத்தியானம் அப்பா, அம்மா, நான் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். சித்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்த மீன், சின்ன வெங்காயம் போட்ட குழம்பு, இதெல்லாம் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. நான் அப்பாவைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டேன்: “அப்பா, அந்துவான் மாமா சொன்னாங்கல்ல, மாப்பிள்ளைக்கு அங்க புள்ளைங்க இருக்குன்னு. அதான விக்கினம்? அத சாமியார்கிட்ட யாரு போய்ச் சொல்றது?”

அம்மா என் தாடையைப் பிடித்த வேகத்தில் வாயிலிருந்த சோறு கீழே விழுந்தது. சாடியிலிருந்து ஒன்றல்ல, கைக்கு வந்ததை அள்ளி என் வாயில் திணித்தாள். “கேட்டதயெல்லாம் கக்குற நாக்கு! இது விளங்குமா? தவக்காலத்துல, சாப்பாட்டு முன்னால, ஒருத்தர் வாழ்க்கையில மண்ணப் போடுற பேச்சு!” என்று கத்தினாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஒரு விநாடி அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. “ஒண்ணுமில்ல, செலின். பசங்க பேச்சு. நீ போடு” என்றாள். சித்தி, “அத்தான், கொழம்பு ஊத்தவா?” என்று அப்பாவைக் கேட்டாள். நான் கதவோரம் நின்று அழுதேன். சித்திக்கு நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஓலை குருத்து ஞாயிறன்று, ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, கோயிலில் ஆளுக்கொரு குருத்தோலை கொடுக்கிற நாள். அன்றைக்குப் பூசை நீளம், இயேசுவின் பாடுகளின் வாசகம் நீளம், வெயில் அதைவிட நீளம். கையில் குருத்தோலை இருந்தால் எங்கள் ஊர் ஜனங்களால் சும்மா இருக்க முடியாது. கிழித்து, மடக்கி, செருகிச் சிலுவை செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். பெண்கள் பக்கம் முழுக்க, ஆண்கள் பக்கம் முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன. சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். விக்கினம் என்று வந்தபோது நான் நிமிர்ந்தேன். அந்துவான் மாமா ஆண்கள் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் இருந்தார்; அவர் சிலுவை செய்துகொண்டிருந்தார். அப்பா சிலுவை செய்துகொண்டிருந்தார். மறைக்கல்வி சிஸ்டரும் செய்துகொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது, அது வேறு. சாமியார் வழக்கம்போல நிறுத்தினார். கோயிலில் ஓலை கிழிபடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது சித்தி மட்டும் தலையைத் தூக்கி ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முழங்கையில் இடித்து, “முன்னால பாரு” என்றாள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்களா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போனார். அது பெரிய வெள்ளி சிலுவைப் பாதை எத்தனை மணிக்கு என்பது பற்றி.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல நிறம், நல்ல சிரிப்பு, எனக்கு வெளிநாட்டுச் சாக்லேட் கூடத் தந்தார். ஒரு மாதம் இருந்துவிட்டு, காகிதம் எல்லாம் தயார் செய்து கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனார். ஏற்கெனவே அங்கே பதிந்திருக்கிறவர் எந்தக் காகிதத்தைத் தயார் செய்வது? சித்தி மாமியாரைக் கவனித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேலையை அவர்கள் விடச் சொன்னார்கள், விட்டாள். அந்தம்மா படுத்த படுக்கையானபோது துடைத்து, குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் கண்ணையும் மூடிவிட்டாள். அடக்கத்துக்கு மகன் வந்தார். வந்தவர் வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டு, சித்தியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனார். சொல்லுவதற்கு அவருக்காவது வாய் இருந்ததே என்று வேண்டுமானால் மெச்சிக்கொள்ளலாம். சித்தி கொண்டுபோன அதே டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

அதற்கப்புறம் ஊருக்கு வாய் வந்தது. அதுவரை பூட்டியிருந்த வாயெல்லாம் ஒரே நாளில் திறந்துகொண்டது. “எங்களுக்கு அப்பவே தெரியும்” என்றார் எதிர்வீட்டுக்காரர். “அரசல்புரசலா எங்க காதுலயும் விழுந்துச்சு, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டோம்” என்றார் கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை. மீன்கார அம்மா கூடையை இறக்கிவைத்து, “கடக்கரைக்கே தெரியுமே, ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்று அம்மாவையே கேட்டாள். யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வாக்கியம் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு அப்பவே தெரியும். தமிழில் எனக்கு ஆகாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் இதுதான். அப்பவே தெரிந்ததை அப்பவே சொல்லாமல், எல்லாம் முடிந்தபிறகு சொல்லுவதற்குப் பெயர் நாவடக்கமா? அவர்களில் பாதிப் பேர் அதற்கு முந்தின மாதம்தான் தவக்காலத் தியானத்தில் நாவை அடக்க வரம் கேட்டு முழங்காலில் நின்றவர்கள்.

சித்தி மறுபடி அதே பாலர் பள்ளியில் சேர்ந்தாள். பிள்ளைகளுக்குக் கதை சொன்னாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த தவக்காலத்தில் அம்மா வழக்கம்போல உப்புச் சாடியை நடுவில் கொண்டுவந்து வைத்தபோது, எனக்கு அதைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. எறிந்திருந்தால் அதற்கும் ஒரு கல் வாங்கியிருப்பேன்.

பெரியவளான பிறகு ஒரு வயதான சாமியாரிடம் அந்த ஞானஸ்நான உப்பைப் பற்றிக் கேட்டேன். அது வாயை மூடுவதற்கு வைத்த உப்பில்லை, ஞானத்துக்கு அடையாளமாக வைத்தது என்றார். அப்போஸ்தலர் ஒருவர் சபைக்கு எழுதும்போது உங்கள் பேச்சில் உப்பு இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார், பேச்சுக்குப் பதிலாக உப்பு இருக்கட்டும் என்று சொல்லவில்லை என்றும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழம்பில் போட வேண்டிய உப்பை எங்கள் வீட்டில் குழம்பு வைக்காமலிருப்பதற்குப் பயன்படுத்தியிருக்கிறோம். வாய்க்குக் காவல் வைக்கச் சொல்லி நாம் மன்றாடுகிறோம், சரி. காவல்காரன் என்றால் கண்டவனை உள்ளே விடக் கூடாது, வேண்டியவனுக்குக் கதவைத் திறக்கவும் வேண்டும். எப்போதும் பூட்டியே வைத்திருப்பதற்குக் காவல்காரன் எதற்கு, பூட்டே போதுமே. அம்மாவுக்கு நாவை அடக்கத் தெரிந்திருந்தது. எதை அடக்குவது, எதைத் திறப்பது என்பதில்தான் அவள் தனக்குச் சாதகமானதை எடுத்துக்கொண்டாள். அந்தத் தாய்க்குக் கீரை தள்ளினபோது தன் மௌனத்தால் அம்மாவுக்கு ஒரு லாபமும் இல்லை. சித்தி விஷயத்தில் இருந்தது. இந்த வித்தியாசத்தை ஒரு பிரசங்கத்திலாவது யாராவது சொன்னால் தேவலை.

இந்தத் தவக்காலத்திலும் சொல்லவில்லை. நான் இப்போது கோவில்பத்தில் இருக்கிறேன், அங்கிருந்து ஸ்கூட்டரில் அலுவலகம், ஞாயிறானால் சித்தியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கோயில். அப்பா போய்விட்டார், அம்மாவும் சித்தியும் என்னோடுதான். அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது, ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து வீட்டில் கல்லுப்பே கிடையாது, அந்தச் சாடி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. வெளியூரிலிருந்து வந்திருந்த சாமியார் தியானத்தில் நாவடக்கம் பற்றி ஒருமணி நேரம் பிரசங்கம் செய்தார். நாக்கு நெருப்பு என்றார், புறணி கொலை என்றார், எல்லாம் வாஸ்தவம்தான். பேசாமல் இருந்து செய்கிற கொலையைப் பற்றி எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அன்றைக்கு முதல்முறையாக நேராகக் கேட்டுவிட்டேன், “அந்துவான் மாமா சொன்னது உண்மைன்னு உனக்கு அப்பவே தெரியும்தானேம்மா?” என்று. அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, “முடிஞ்சதப் பேசி என்ன ஆகப்போகுது? வாயக் கட்டுடி, தவக்காலம்” என்றாள்.

கல்யாண ஓலையும் இப்போது முன்போல இல்லை. பூசை நீண்டுபோகிறது என்று வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். “திருமண அறிவிப்புகள் பலகையில ஒட்டியிருக்கு, பாத்துக்கங்க” என்று ஒரு வரி, அவ்வளவுதான். கோயில் முகப்பில் கண்ணாடி போட்டுப் பூட்டிய பலகை. பங்கின் வாட்ஸ்அப் குழுவிலும் வரும். அதற்கு வாழ்த்துச் சொல்லிக் கைகூப்பும் பொம்மைகளை வரிசையாக அனுப்புவார்கள். விக்கினம் என்ற சொல்லை என் மகள் கேள்விப்பட்டதே இல்லை. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுச் சாமியார் நிறுத்துகிற அந்தச் சின்ன இடைவெளி போய்விட்டது.

போன குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து எல்லாரும் ஓலையோடு வண்டி நிற்கிற இடத்துக்கு ஓடினார்கள். சித்தி மட்டும் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இது புதிதில்லை, ஒவ்வொரு ஞாயிறும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெயர் விடாமல் வாசிப்பாள். எனக்கு வெயில் பொறுக்கவில்லை. “யாருன்னே தெரியாதவங்க கல்யாணத்த எதுக்கு சித்தி இவ்வளவு நேரம் படிக்கிறே?” என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

சித்தி கண்ணாடிப் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்குத் தெரியலன்னாலும் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்கல்ல” என்றாள். பிறகு, இத்தனை வருடத்தில் ஒருமுறை கூடப் பேசாததை, நடந்து நேற்றுத்தான் ஆனது போலச் சாதாரணமாகச் சொன்னாள்: “நீ அன்னிக்குச் சோத்துல உக்காந்து சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சும்மா. கேட்டதுலேருந்து ஒரு வாரம் தூங்கல. நானா வேணாம்னு சொன்னா, பிரான்ஸ் மாப்பிள்ளைய வேணாங்கிறா, கொழுப்புன்னுவாங்க. பெரியவங்க ஒருத்தராவது சொன்னா அதப் புடிச்சுக்கிட்டு வேணாம்னுருப்பேன். ஒருத்தர் போதும். மூணாவது ஓல வாசிச்சு சாமியார் நிறுத்துனாருல்ல, அப்ப ஆம்பளைங்க பக்கம் பாத்துக்கிட்டே இருந்தேன், யாராவது எந்திரிப்பாங்கன்னு.”

என் வாய் நிறையக் கரித்தது. சித்தி கையிலிருந்த ஓலையைப் பார்த்தேன். எல்லாரும் சிலுவை செய்து முடித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவளுடையது மட்டும் மடக்காமல், கிழிக்காமல், கொடுத்தது கொடுத்தபடி நீளமாக இருந்தது.